நான்காவது கிளிக்

டிசம்பர் தண்ணீர் இரண்டு நாள்
பார்க்கிங்கில் நின்றுவிட்டுப் போனதில்
ஷிஃப்டருக்குள் எதுவோ துருவேறிவிட்டது.
மூன்றிலிருந்து நான்குக்குத் தட்டினால்
கிளிக் என்று சொல்லும்.
சொல்லும், அவ்வளவுதான்.
செயின் பழைய பல்லிலேயே கறகறக்கும்,
டோக்கன் நம்பரைக் கூப்பிட்ட பிறகும்
எழுந்திருக்காத ஆள் மாதிரி.

அயனாவரத்துக் கடையில்
முழு செட்டையும் மாற்றணும் என்றார்கள்,
நாலாயிரத்து இருநூறு.
பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

என் பிழைப்பு காதுகளோடு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து
ஹெட்ஃபோன் மாட்டி
ஐந்தைந்து டெசிபெலாக ஒலியை இறக்குவேன்.
கேட்டால் பொத்தானை அழுத்துங்க.
எவ்வளவு மெல்லிசாக் கேட்டாலும் அழுத்துங்க.

செவ்வாய்க்கிழமை சீதாபதி வந்தார், பஸ் டிரைவர்,
டெப்போ கொடுத்த கடிதத்தோடு.
ரிப்போர்ட் சரியில்லையென்றால்
ஸ்டியரிங்கைவிட்டு இறக்கி
டயர் எண்ணும் வேலைக்குப் போட்டுவிடுவார்களாம்.
வெளி பெஞ்சில் யாரிடமோ போனில் சொன்னது
எனக்குக் கேட்டது.
உள்ளே, நான் எதையுமே அனுப்பாத இடைவெளியிலும்
அழுத்தினார்.
பச்சை விளக்கு எரிந்தது.
நிமிர்ந்து பார்த்தார்,
சரிதானே என்பதுபோல.

வியாழக்கிழமை திரும்ப வாங்க என்றேன்.

அன்று சாயங்காலமே புதுப்பேட்டை.
கிரீஸ் டப்பாவில் கைவிட்டுத் துழாவியபோது
கட்டுக்கம்பி சுற்றிய ஜோடி லீவர் அகப்பட்டது.
கடைப்பையன் கிரிக்கெட்டிலிருந்து
கண்ணை எடுக்கவில்லை.
'கிளிக்கே வராதேக்கா அதுல.
எந்த கியர்ல இருக்கன்னு எப்படித் தெரியும்?'
நூற்றெண்பது கேட்டான்.
ஒரு விக்கெட் விழுந்த சந்தோஷத்தில்
நூற்றிநாற்பதுக்குக் கொடுத்தான்.

ராத்திரி பார்க்கிங் டியூப்லைட்டில்
பழையதைத் திறந்தேன்.
ஸ்பிரிங் துள்ளிப் போய்
யாருடைய ஸ்கூட்டருக்கடியிலோ விழுந்தது.
உள்ளே நகத்தளவு சக்கரம், சின்னச் சின்ன வெட்டு.
இத்தனை நாள் என் காலுக்கு
இதுதான் கணக்குப் பார்த்திருக்கிறது.
இரண்டாம் மாடி ரோஸ்லின் குப்பை கொட்ட வந்தவள்
'ரிப்பேரா?' என்றாள்.
ஆமாம் என்றேன்.
அதற்குமேல் விளக்க அவளுக்கும் நேரமில்லை,
கொசு.

இந்த ஊரில் மலை கிடையாது.
மேடு என்றால் பாலம், பள்ளம் என்றால் சப்வே.
புதன் காலை காந்தி இர்வின் பாலத்தில்
லீவரை மெல்லத் தள்ளினேன்.
ஒன்றுமில்லை.
இன்னும் கொஞ்சம்.
கடகடவென்று இரண்டு பல் தாண்டி ஏறியதில்
கால்கள் வெறும் காற்றை மிதித்தன.
பின்னால் தண்ணீர்க் கேன் ஏற்றிய வண்டிக்காரன்
ஹாரனில் என் குடும்பத்தையே விசாரித்தான்.
திரும்ப ஒரு நூல் இழுத்தேன்.
இன்னும் அரை நூல்.
அந்த இரைச்சல் நடுவே
என் செயின் மட்டும் வாயை மூடியது.

சந்தோஷம் பத்து மிதி.
எழுந்து நின்று அழுத்தியதும்
லீவர் தானாக நழுவி, கியர் கனத்துவிட்டது.
உச்சியில் ஓரங்கட்டி
இரண்டு ரூபாய்க் காசால் திருகை முறுக்கினேன்.
கீழே ஏதோ ரயில் எழும்பூருக்குள்
யோசித்து யோசித்து நுழைந்தது.

வியாழன். அதே நாற்காலி, அதே ஹெட்ஃபோன்.
மாட்டுவதற்கு முன் சொன்னேன்:
'கேக்கலைன்னா சும்மா இருங்க சார்.
அதுவும் எனக்கு வேணும்.'
அவர் பதில் சொல்லவில்லை.

ஆயிரம் ஹெர்ட்ஸ், நாற்பது. அழுத்தினார்.
முப்பத்தைந்து. அழுத்தினார்.
முப்பது.
பொத்தானுக்கு ஒரு விரல்கடை மேலே
அவருடைய கட்டைவிரல் நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.

டயலில் என் கட்டைவிரல்,
நகக்கண்ணில் இன்னும் போகாத கிரீஸோடு.