ஒட்டியும் ஒட்டாமலும்

லாங்கெவ்னியில் ஹெவினுடைய கடை.
மூன்று டயர்களைச் சுவரில் சாய்த்துவிட்டு
நீயே பேசிப் பார், நெஸ்ட்டா, என்று
தேநீர் போடப் போய்விட்டான்.

முதலாவது கிட்டத்தட்ட மொட்டை.
தண்ணீர் வடிய இரண்டு கோடு, அதுவும் பேருக்கு.
நகத்தால் அழுத்தினேன். பிறை ஒன்று பதிந்து
மெல்ல, மனமில்லாமல், மறைந்தது.
சூடேறினால் தார்ச்சாலையைத் தின்னுமாம்.
பத்து நாள் ஓட்டம், அப்புறம் கல்.

இரண்டாவது நடுத்தரம்.
பக்கவாட்டில் இருநூறு என்று எண்.
அந்த எண்ணைப் பற்றி ஒரு மணி நேரம் பேசாத ஆள்
இந்தத் தீவின் ஓடுதளத்தில் கிடையாது.

மூன்றாவது, என் காரில் இப்போதே தேய்கிறதே, அதன் தம்பி.
கடைக்கும் போகும், வேலைக்கும் போகும்.
வளைவில் கொஞ்சம் அழுத்தினால்
ஊரைக் கூட்டிவிடும்.

காரைப் பற்றிச் சொல்லவில்லை.
இரண்டு இருக்கை, துணிக் கூரை,
என் திருமணத்தைவிட மூன்று வயது மூத்தது,
இன்னும் ஓடுகிறது.
ஏற்றிப்போக வேறு வண்டி இல்லை.
எதில் சுற்றுகிறேனோ அதிலேயேதான்
வீடு திரும்பவும் வேண்டும்.

ஹோலிஹெட் துறைமுகத்தில் எனக்குக் கயிறு வேலை.
டப்ளின் கப்பல் வந்தால் கட்டுவோம், கிளம்பினால் அவிழ்ப்போம்.
பழைய கயிறு இழுபட இழுபட முனகும்,
நார்நாராய்த் தெறிக்கும்,
விலகிக்கொள் என்று நேரம் கொடுக்கும்.
புதியது எஃகைவிட வலியது, தண்ணீரில் மிதக்கும்,
அறும்போது மட்டும்
சொல்லாமல் கொள்ளாமல் அறும்.
போன டிசம்பரில் அப்படி ஒன்று
கெத்தினின் தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.

அதனால் ஹெவினிடம் சொன்னேன்:
கத்துகிற டயர்தான் எனக்கு.
ஒட்டுகிறவன் கடைசிவரை வாய் திறக்க மாட்டான்,
பிறகு காலை வாரிவிடுவான்.

அவன் கோப்பையை வைத்தான்,
விலைச்சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
நானூற்று முப்பது பவுண்டு வித்தியாசம், என்றான்.

அதுவும்தான்.

*

சனிக்கிழமை. கடலோர வளைவில் உப்புக் காற்று.
குளிர்ந்த டயரில் இருபத்தேழு வைத்தேன்,
முதல் சுற்றுகள் முடிந்து அளந்தால் முப்பத்து மூன்று.
உஸ்ஸென்று கொஞ்சம் விட்டேன்.
தோளில் இழுத்த சுண்ணக்கட்டிக் கோடு
பாதிவரை அழிந்திருந்தது.

குவில்லிம் மொட்டையில் வந்து
நேர்ச்சாலையில் அல்ல, வளைவில் வைத்தே கடந்தான்.
ரப்பரில் ஒரு முனகல்கூட இல்லை.
பொறாமையை மறைக்க மாட்டேன்.

மூன்றாம் முறை இறங்கியபோதுதான் காது திறந்தது.
வளைவின் வாயில் டயர் 'ம்' என்றது,
உள்ளே போகப் போக 'ஈ' என்று நீண்டது.
இரண்டு எழுத்துக்கும் நடுவே
ஒரு விரல் அகலம்.
அதில் ஒரு முழு வளைவும் நின்றேன்,
வலப்பக்கம் கடல் முழுவதும் சாய்ந்திருக்க.

அடுத்த சுற்றில் அது 'ஈ' சொன்னது,
தெளிவாக, இரண்டு முறை சொன்னது.
நான் இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

புல்லில் பின்னோக்கி நின்றபோது
மதிலுக்கு அப்பால் ஆடுகள்
தலைகூட நிமிர்த்தவில்லை.
டயர் மேல் ஒரு குற்றமும் இல்லை.
எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நானே சொல்கிறேன்.

நான்கு மணிக்கு மழை, பக்கவாட்டில் அடித்தது.
மொட்டைகளைக் கழற்றிச் சாலை டயர் மாட்டிக்கொண்டு
வாகன நிறுத்தத்தில் குவில்லிம்,
சட்டைக்குள் தண்ணீர் இறங்க இறங்க.
கை காட்டிவிட்டுப் போனேன்,
தேவைக்கு அதிகமாகவே காட்டினேன்.

இரவு வீட்டு வாசலில் குந்தி
பள்ளங்களில் சிக்கிய கற்களை
வீட்டுச் சாவியால் நெம்பி எடுத்தேன்,
ஒன்று, இன்னொன்று, அன்னியர் ரப்பரின் சுருள் ஒன்று.
டயர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.

பிறை பதியவில்லை.
கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.