மட்டப்பலகை

ஒட்டுசுட்டானில், கூட்டுறவுக் கடையின் மேல்மாடியில்
இருநூறு வாற்று ரான்ஸ்மிற்றர்.
அதன் தலைமாட்டில் ஒரு சாம்பல் பெட்டி.
வயல் உழுதவருக்கு அதை விளக்குவது சுலபம்:
மேட்டைத் தட்டிப் பள்ளத்தை நிரப்பும் மட்டப்பலகை.
மெல்லப் பேசினால் தூக்கும்.
உரத்துப் பேசினால் அமத்தும்.
அலை எழுபத்தைந்து கிலோஹேட்ஸைத் தாண்டினால்
வரம்பு உடைந்து
பக்கத்து வானொலிக்காரனின் வயலுக்குள் வெள்ளம் போகும்,
கொழும்பிலிருந்து கடிதம் வரும்.

இரவு பன்னிரண்டு முதல் நாலரை வரை
காவல் கொட்டில்காரருக்கு ஒரு நிகழ்ச்சி.
பெரும்போகக் கதிர் பால் பிடிக்கும் காலம்.
பாட்டு, உரவிலை, பிறகு தொலைபேசி.
நித்திரை கொள்ளாமலிருக்க யாரோடாவது கதைக்க வேண்டும்
அவர்களுக்கு. எனக்கும்தான்.

தைப்பொங்கலுக்கு முதல் கிழமை
இராசேந்திரம் அண்ணை எடுத்தார்.
தொண்டை கிழியக் கத்தினார்:
"வந்திட்டுது! மூண்டு! இடதுகரையால இறங்குது!"
ஊசி சிவப்பைத் தொட முதலே
பெட்டி அவர் குரலின் பிடரியில் கைவைத்தது.
இரண்டு மில்லி விநாடி.
கண் இமைக்க அதைவிட நேரம் போகும்.
யூரியா விலை போன அதே மட்டத்தில்
அவருடைய மூன்று யானைகளும் போயின.

அடுத்த நாள் சேறு காயாத காலோடு படி ஏறினார்.
முக்கால் ஏக்கர், தண்ணி இறைக்கிற மெஷின், ஒரு பக்கச் சுவர்.
"மருமகன் கொட்டிலில கேட்டுக்கொண்டுதான் இருந்தவன்.
நியூஸ் வாசிக்கிற மாதிரி இருந்ததாம்.
என்ர கத்தலையும் வடிச்சுப்போட்டே விடுறியள்?"
மீற்றரைக் காட்டினேன். வரம்பைச் சொன்னேன்.
"வயலுக்கு மட்டப்பலகை சரி" என்றார்,
"வாய்க்கு ஏன்?"
பெட்டியோடு வந்த கையேட்டில் அதற்குப் பதில் இல்லை.
தேத்தண்ணி ஊற்றினேன். ஆறட்டும் என்று விட்டுப் போனார்.

பதினொரு நாள் கழித்து, இரண்டு பத்துக்கு,
முத்தையன்கட்டிலிருந்து தவராணி.
உதட்டுக்குள்ளேயே பேசினாள்:
"சுவரோட நிக்குது. கதைக்க ஏலாது.
போனை வைக்கவும் பயமாக் கிடக்கு."
பிறகு ஒன்றுமில்லை.

வெற்று வானைக் கண்டால் பாட்டுப் போட வேண்டும்.
என் விரல் போய், அந்தரத்தில் நின்றது.

பெட்டிக்கு மௌனம் தெரியாது.
யாரோ மிக மிக மெல்லப் பேசுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளும்.
தூக்கியது.
இன்னும் தூக்கியது.
கூரைத் தகரத்திலிருந்து பனி சொட்டுவது வந்தது.
தவராணியின் மூச்சு வந்தது.
அதன்பின், அவளுடையதல்லாத மூச்சு,
நெல்மூட்டையைத் தரையில் இழுப்பது போல.
வாழைத்தண்டு நார் நாராகப் பிரிவது,
அவசரமில்லாமல்,
வன்னியின் ஒவ்வொரு கொட்டிலிலும்
காதுக்குப் பக்கத்தில்.

கத்தலுக்கு எழும்பாத ஊர்
மெல்லும் சத்தத்துக்கு எழும்பியது.
மருமகனும் எழும்பினானாம்.
பந்தம், தகரம், பிறகு யானை வெடி.

முதல் வெடி தவராணியின் போனுக்குள்ளால் வந்தபோது
பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து அமத்தியது.
அமத்திய கையை எடுக்க அதற்கு ஒன்றரை விநாடி.
நான்தான் அப்படித் திருகி வைத்தவன்.
அந்த ஒன்றரை விநாடிக்குள் அவள் சொல்லிவிட்டாள்.
அடுத்த கணம் லைன் அறுந்தது.

என் ஹெட்போன் பெட்டிக்கு முன்னால் செருகியிருப்பது.
"போட்டுது" என்றாள்.
பாதி சிரிப்பு, பாதி விக்கல்.
அது எனக்கு மட்டும்.

நாலரை மட்டும் போன் ஓயவில்லை.
எல்லோருக்கும் ஒரே கேள்வி.
கடைசியாக இராசேந்திரம் அண்ணை:
"போட்டுதாமே? அவள் என்ன சொன்னவள்?"
மைக்கைத் திறந்து, அவள் சொன்னதை
என் குரலில் சொன்னேன்,
யூரியா விலையின் மட்டத்தில்.