ஏழு புள்ளி

மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றியாயிற்று.
ரோஸ் ஹில்லில் கடைகளுக்கெல்லாம் பலகை அடித்தாயிற்று.
என் மூன்றாம் மாடி வீட்டில்
ஒரு மடிக்கணினி, நான்கு பேர்,
இரண்டு பை ரொட்டி, ஒன்பது டின் சார்டின்,
ஜன்னல் இடுக்கில் திணித்த என் நல்ல துவாலை.

கோவிலெனுக்கு வாள்.
யோவனிக்கு நெருப்பு.
திர்வாசென் திருடன். நிஜத்தில் வங்கியில் வேலை,
பூட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது.
மிச்சமிருந்தது காயம் ஆற்றும் பூசாரி.
"உனக்குத்தான் பொறுமை, நீ எடுத்துக்கோ" என்றார்கள்.
பொறுமை என்று யார் சொன்னது?
நான் வருவதற்குள் மற்றதெல்லாம் போய்விட்டது, அவ்வளவுதான்.

துணி ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
முதல் சண்டையிலேயே மனதில் பேரேடு திறந்துவிட்டது.
என் மந்திரம் ஒரு முறைக்கு ஏழு புள்ளி கொடுக்கிறது.
அரக்கனின் சம்மட்டி ஓர் அடிக்குப் பன்னிரண்டு எடுக்கிறது.
வரவு ஏழு, செலவு பன்னிரண்டு.
இதற்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்,
திர்வாசென், நீயே சொல்.

அவன் சொல்லவில்லை.
முதுகில் தைத்த அம்போடு ஓடிக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும்
கோவிலென் நூறு புள்ளிக்காரன் போலத்தான் வெட்டுகிறான்.
கை தளர்வதில்லை, மூச்சு வாங்குவதில்லை.
இந்த உலகத்தில் காயம் வலிப்பதே கிடையாது,
பூஜ்யத்தில் மட்டும் தொப்பென்று விழுகிறார்கள்.
அப்படியானால் நடுவழியில் நான் எதைத் தடவிக்கொடுக்க?
ராத்திரி கூடாரம் போட்டுப் படுத்தால்
விடிவதற்குள் எல்லோருக்கும் எல்லாம் ஆறிவிடுகிறது.
எட்டு மணி நேரத் தூக்கம்
என்னைவிடக் கெட்டிக்கார வைத்தியர்.

யோவனி சிரிக்கிறாள்.
"நீ இல்லாவிட்டால் இப்படித் தைரியமாகப் போவோமா?"
நானும் அதைத்தான் சொல்கிறேன்.
நான் பின்னால் நிற்கும் தைரியத்தில்
கதவைத் தட்டாமல் உதைக்கிறார்கள்,
பொறி இருக்கிறதா என்று
மிதித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
இந்த வீட்டில் இரண்டும் என் பொறுப்பு.
இது இரண்டாம் நாள்.

நாலேகாலுக்கு மின்சாரம் போனது.
பேட்டரி பதினோரு சதவீதம்.
வெளியே யாருடைய தகரக் கூரையோ
தெருவோடு நடந்துபோகிற சத்தம்.
திரையில் கோவிலென் குப்புற விழுந்து கிடந்தான்.
திருடனுக்கு நாலு புள்ளி,
நெருப்புக்காரியிடம் புகைகூட இல்லை,
மருந்துக் குப்பிகள் காலையிலேயே காலி.
"எழுப்பு, அவனை எழுப்பு, உன் முறைதானே!"
மூன்று வாய், ஒரு மெழுகுவர்த்தி.

அரக்கன் தலைக்குமேல் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன்.
நகக்கண் அளவுதான் இருந்தது.
பூசாரி இடுப்பில் ஒரு தண்டம் உண்டு,
அழகுக்கு மாட்டி வைத்தது,
ஒரு நாளும் ஓங்கியதில்லை.

இருபது முகப் பகடை உருண்டு
பதினாறில் நின்றது.
அடி: ஏழு புள்ளி.
கொடுத்தால் எவ்வளவோ அதே ஏழு.

கரும்பு லாரி வளைவில் கவிழ்வதுபோல்
அரக்கன் பக்கவாட்டில் சரிந்தான்.
யாரும் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் கோவிலெனிடம் போய்க் குனிந்தேன்.
பெரிய மந்திரத்தைத் தொடவில்லை,
இருப்பதிலேயே சின்னதை எடுத்தேன்.
ஒரு புள்ளி. எழுந்துகொள்ள அது போதும்.
"இவ்வளவுதானா?" என்றான்,
என் மெத்தையில் சாய்ந்து கால் நீட்டியபடி.
இவ்வளவுதான்.

சேமித்துவிட்டு மூடினேன். நாலு சதவீதம்.
துவாலை ஊறிச் சொட்டிக்கொண்டிருந்தது.
திர்வாசென் எழுந்துபோய்
சொல்லாமலே அதைப் பிழிந்துவிட்டு வந்தான்.

"அடுத்த ஆட்டத்தில் பூசாரி யார்?" என்று கேட்டேன்.
ஒரு சார்டின் டின்னைத் திறப்பதற்கு
மூன்று பேரும் மும்முரமாக
இருட்டில் கத்தி தேடினார்கள்.