முப்பந்தல், இரவு பதினொன்று நாற்பது

டெல்லியிலிருந்து வந்த பத்தாண்டுத் திட்டத்தில்
நாங்கள் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறோம்.
ஊர்ப்பெயர் கிடையாது.
‘தென்முனை: காற்றாலை இரைச்சல். ஆய்வு தேவை.’
அவ்வளவுதான். அடுத்த வரியில் கொச்சி வந்துவிடுகிறது.

அந்த ஒரு வரியைத்தான்
லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்,
தார்ப்பாய் போர்த்திய சோதனை ரேடாரும்
மூன்று பேட்டரியும் ஒரு மடக்கு மேசையுமாக.
இசக்கியம்மன் முன்னால் ஓரங்கட்டினார் பூதலிங்கம்.
தேங்காய் உடைக்காமல் இந்தக் கணவாயை
எந்த டிரைவரும் தாண்டமாட்டானாம்.
தாமதத்துக்குக் காரணம் எழுத
படிவத்தில் இடம் இருந்தது.
‘வழித்தட அனுமதி’ என்று எழுதினேன்.

ஆடி மாதம்.
மேற்கே மழையை இறக்கிவிட்ட காற்று
வெறுங்கையோடு ஓடி வருகிறது.
மேசை இரண்டு முறை பறந்தது.
மூன்றாம் முறை அதன்மேல் ஜாக்கியை வைத்தோம்.

திரை வந்ததும் ஆஸ்லின் சிரித்தாள்:
“மேடம், இங்க ஒரு விமானநிலையமே கெடக்கு.”

பச்சைப் புள்ளிகள். நூறு, நூற்றைம்பது.
எல்லாவற்றுக்கும் வேகம் உண்டு,
போகிற இடம் ஒன்றுக்கும் இல்லை.
இறக்கை நுனியின் ஓட்டத்தை
விமானம் என்று நம்புகிறது ரேடார்.
அதைக் குறை சொல்ல முடியாது.
ஓடுகிற எதையும் நம்பு என்று
நாங்கள்தானே சொல்லி வைத்திருக்கிறோம்.

இந்தக் கூட்டத்துக்குள் எங்கோ
திருவனந்தபுரம் போகும் சிங்கப்பூர் விமானம்.
அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் வரும்.
பெயர் சொல்லும் பெட்டி
ஒருநாள் ஊமையாகிவிட்டால்?
அந்த ஒருநாளுக்காகத்தான் இத்தனை பக்கங்கள்.

காற்றாலை ஜஸ்டஸிடம் ஆறு வாரமாகக் கேட்டது
இருபது நிமிடம்.
“ஆடியிலயா? இது எங்களுக்கு அறுப்புக் காலம்லா மேடம்.
ஐப்பசியில வாங்க, எத்தன நாளு வேணும்னாலும் நிப்பாட்டித் தாறேன்.”
ஐப்பசியில் தானாக நிற்பதை
நிறுத்திப் பார்த்து என்ன எழுத?
கடைசியில் பன்னிரண்டு தருவதாகச் சொல்லி
பதினொன்றுக்குக் கையெழுத்துப் போட்டார்.
மிச்சம் ஒன்று பக்கத்துக் கம்பெனியுடையதாம்.

பதினொன்று நாற்பது.
காதுக்குத்தான் முதலில் தெரிந்தது.
பிறகு உச்சியில் சிவப்பு விளக்குகள்
இறக்கை குறுக்கே வராமல்
முழுசாக எரிந்தன.
மழை நேரத்தில் லாரியை எடுத்ததும்
அடியில் காய்ந்த தரை தெரியுமே,
அப்படி ஒரு துண்டு வானம் திரையில்.

சிங்கப்பூர் வந்தது. தனியாக.
அவசரமில்லாமல் மலையைக் கடந்தது.
ஆஸ்லின் உதட்டை அசைத்து அசைத்து எண்களை எழுதினாள்.

அப்புறம் இன்னொன்று.
ஆரல்வாய்மொழிப் பக்கம், மிகத் தாழ்வாக.
போகும், நிற்கும், காற்று தள்ளும், திரும்பி வரும்.
விமானம் நிற்காது.
காற்றாலை இடம் மாறாது.
என் கை போனுக்குப் போனது,
யாரை எழுப்புவது என்று
திட்டத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பூதலிங்கம் திரையைப் பார்க்கவில்லை.
மேற்கே காதைத் திருப்பினார்.
“மேளம் கேக்கியளா? சாமக்கொடை.
படம் புடிக்க ட்ரோன் விட்டிருக்கானுவ பயலுவ.
இந்தக் காத்துல!”

கேட்டது.
இத்தனை நேரமும் கேட்டிருக்கும்,
இறக்கைகள் அரைத்துக்கொண்டிருந்தன.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
விமானம், காற்றாலை, பறவை.
அளவுகோல் வைத்து நான்காவது ஒன்று வரைந்தேன்.
கொடை, என்று எழுதினேன்.
டெல்லியில் யாராவது அதை
நன்கொடை என்று மொழிபெயர்ப்பார்கள்.
தணிக்கைக்குப் போகும்.

பன்னிரண்டுக்கு இறக்கைகள் அசைந்தன,
முதலில் ஒன்று, பிறகு எல்லாம்.
புள்ளிகள் பழைய இடங்களில் வந்து நிறைந்தன.
பயல்களின் ட்ரோன் எது என்று
இனி எங்களுக்கும் தெரியாது.

தார்ப்பாயைக் கட்டும்போது ஜஸ்டஸின் செய்தி:
நின்றது இருபத்திரண்டு நிமிடம்.
அந்த இரண்டு நிமிடக் காற்று
யார் கணக்கில், மேடம்?