வீட்டுக்காரருக்கு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக் கணக்கு என் வேலை.
கிராமுக்குக் கீழே மில்லிவரை எழுதிப் பழகிய கை.
அதனால்தான் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும்
புது ரேசரைத் தராசில் வைத்தேன்.
எண்பத்தொன்பது கிராம், நானூற்றுப் பத்து மில்லி.
பிளாஸ்டிக் பிடி வைத்த பழையது ஒன்பதுகூட வராது.
எடை இல்லாததைத்தான் நாம் அழுத்துகிறோம்.
அழுத்திய இடம் மாலைவரை சிவந்து கிடக்கிறது.

"வீட்டுக்காரருக்குங்களா?" என்றார் ஜைனுல்லா பாய்
லீ பஜார் போகும் வழிக் கடையில்.
"ஆமாங்க" என்றேன்.
அப்படித்தான் எனக்கொரு புருஷன் வந்தார்.

"சீப்புப்பல் வெச்சது வேண்டாம், அது முரட்டுத் தாடிக்கு.
அவருக்கு எப்படி?"
"கொஞ்சந்தான் வளரும். ஆனா கம்பி மாதிரி.
தாடைக்கு அடியில மட்டும்."
"தோலு?"
"தொட்டாலே செவக்கும்."
"தெனம் எடுப்பாரா?"
"ஒருநாள் விட்டாலும் வெளிய வரமாட்டாருங்க."
பாய் தலையாட்டினார்.
எத்தனையோ ஆண்களைப் பார்த்தவர்.

ஐந்து நிறத் தாளில் ஐந்து விதம் பிளேடு தந்தார்.
"கூரா இருக்கறதெல்லாம் நல்லதுன்னு நெனைக்காதீங்க.
எது ஒத்துக்கும்னு மொகந்தான் சொல்லணும்."

பட்டறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது:
பச்சை: முதல் நாள் பட்டு, மறுநாள் பகை.
சிவப்பு இழுக்கிறது. உதட்டுக்கு மேலே வேண்டவே வேண்டாம்.
மஞ்சள்: ராத்திரி தூங்காதிருந்தால் தொடாதே.
நீலம் மூன்று முறை வரும். நான்காவதற்கு ஆசைப்படாதே.
வெள்ளைக்கு எதிரே எழுத்தில்லை,
காய்ந்த ஒரு பொட்டு.

பிடியை விலக்கி, தலையைக் கன்னத்தில் படுக்கவைத்து,
மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தால்
ஓரிடத்தில் பிளேடு பேசத் தொடங்கும்,
காகிதத்தில் பென்சில் போகிற சத்தம்.
அங்கே நிறுத்தவேண்டும்.
அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம்.

ஆனாலும் நுரை நிற்கவில்லை.
எங்கள் தெருவின் போர் தண்ணீர்,
குடத்துக்குள் வெள்ளை ஓடு கட்டும் தண்ணீர்,
சோப்பைக் கண்டதும் திரிந்துவிடும்.
பிரஷ்ஷை மணிக்கட்டு வலிக்கச் சுழற்றினாலும்
பருப்பு கொதிக்கையில் மேலே வருகிற அளவுதான்.

மே மாதம் பட்டறையோடு ஏற்காடு போனோம்.
பெண்கள் ஏழு பேருக்கு ஒரே அறை.
ஐந்து மணிக்கு யாரும் எழும்முன் தாழ்ப்பாள் போட்டேன்.
கைகள் விறைக்கும் ஊற்றுத் தண்ணீர்.
நான்கே சுற்று.
கிண்ணம் நிறைந்து, விளிம்பு தாண்டி, பிரஷ்ஷோடு எழுந்து
அசையாமல் நின்றது நுரை.
சன்னலுக்கு வெளியே சவுக்கு மரங்களைக் காணோம்,
அங்கேயும் அதுவேதான்.
நீல பிளேடு. இரண்டாம் நாள் பிளேடு.
மேலிருந்து கீழே ஒன்று, குறுக்கே ஒன்று.
தடவிப் பார்த்தேன்,
தடவிக்கொண்டே இருந்தேன்.
"உள்ள என்னடி பண்ற?" பாக்கியவதி கதவை இடித்தாள்.
"பல்லு வெளக்கறேன்."
"எத்தனை பல்லுடி உனக்கு?"

திரும்பி வந்ததும் பாயிடம் ஓடினேன்.
"தண்ணிதாங்க! மலைத் தண்ணியில அப்படி நின்னுச்சு நுரை!"
"அது சரி. முடி எந்தப் பக்கமா போகுது அவருக்கு?
எதிர்ல இழுத்தா செவக்கத்தான் செய்யும்."
"இங்கருந்து இப்படி, இந்த எடத்துல மட்டும் சுழி" என்று
காட்டிக்கொண்டிருந்தேன்
என் தாடையில்,
என் விரலால்.

விரல் நின்றது.
பாய் மேல்தட்டில் எதையோ வெகுநேரம் தேடினார்.
இறங்கி வந்து, பொட்டலம் கட்டியபடியே சொன்னார்:
"கேன் தண்ணி ஒரு டம்ளர் சுட வெச்சுக்கங்க.
நுரைக்கு மட்டும் போதும்.
சுழியில மேலயிருந்து வராதீங்க, பக்கத்துல வாங்க."
சில்லறையோடு ஒரு துண்டு படிகாரம்.
"இதுக்குக் கணக்கில்ல."

வீட்டுக்கு நடக்கையில்
புருஷன் போன வருத்தம் கொஞ்சம் இருந்தது.
எட்டு மாதம் கூட இருந்தார்.
ஒருநாளும் சத்தம் போட்டதில்லை.