எட்டு மூட்டை

விடியும்போது வாளித் தண்ணீர்
கல்லாகிக் கிடக்கும் மலையூர்
சத்துர்னீனோவுக்கு.
இங்கே, பெரு நாட்டுக் கடல்முனையில்,
பறவை எச்சத்தைச் சுரண்டி உரமூட்டை கட்டுகிறோம்.
மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி.
வாயில் கட்டிய துணியையும் தாண்டி
நெடி கண்ணைக் கரிக்கும்.

பத்து மணிக்கு மேல் பாறை அடுப்பு.
அப்போதுதான் அது வந்து நிற்கும்,
நாங்கள் இன்னும் தொடாத திட்டின் விளிம்பில்:
கடலுக்கென்று போர்த்திய கொழுப்பைக்
கரையில் கழற்ற வழியில்லாமல்
இரண்டு துடுப்பையும் விரித்து, வாய் பிளந்து.
அலகடியில் இறகில்லாத தோல்
சிவந்துகொண்டே வரும்.

"வெக்கப்படுது பாரு" என்றான் என்னிடம்.

"சூட்டை இறக்குது" என்றாள்
பென்குயின் எண்ண வந்த மிலாக்ரோஸ்.
கைபேசியில் வேறொரு சாதியைக் காட்டினாள்.
தென்கோடி இருட்டு. பனிப்புயல்.
முட்டையைப் பாதத்தின்மேல் ஏற்றி
வயிற்று மடிப்பால் மூடி
இரண்டு மாதம் இரையில்லாமல் நிற்கும் ஆண்கள்.
விளிம்பில் நிற்பவன் நடுவுக்கு,
நடுவில் நிற்பவன் மெல்ல விளிம்புக்கு.
கால்வரை இறகு.
குளிர் நுழைய ஓர் இடுக்கு இல்லை.

வெகுநேரம் பார்த்தான்.
"இவங்க எங்க ஊர்க்காரங்க."
பிறகு, பாறையில் மூச்சு வாங்குவதைக் காட்டி,
"இது நான்."

அப்படியும் இல்லை என்றாள்.
இதன் காலடியில் தெற்கிலிருந்து வரும் குளிர்நீர்,
தலைக்குமேல் பாலைவனம்.
ஒரே உடம்புக்குக்
கம்பளியும் வேண்டும், சன்னலும் வேண்டும்.

"நிழல்?"
அதுவே தோண்டிக்கொள்ளும்.
"இந்தப் பாறையிலயா?"
அவள் அவன் மண்வெட்டியைப் பார்த்தாள்.

பதினோரு ஆண்டு எச்சம், முழங்கால் அளவு.
ஒரு வளைக்குப் போதும்.
எங்களுக்கு எட்டு மூட்டை.

சாயங்காலம் கங்காணி எண்ணினார்.
சத்துர்னீனோ வரிசையில் எட்டு குறைந்தது.
"அங்க ஆள் குடியிருக்கு" என்றான்.
கங்காணி ஒரு முறை கடலைப் பார்த்தார்,
பிறகு பேரேட்டில் எட்டைக் கழித்தார்.
நான் என் மூட்டைகளைத் தள்ளிக் கொடுக்கவில்லை.
எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இரவு அந்தத் திட்டுக்குள்ளிருந்து
கழுதை கத்துவதுபோல் ஒரு குரல்,
பதிலுக்கு இன்னொன்று.
கொட்டகையில்,
ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளிக்குள்
சுருண்டு கிடந்தான் சத்துர்னீனோ,
ஒரு பாதத்தை மட்டும்
வெளியே நீட்டி.