ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

வடமலை தன் மோட்டாரில் ரஃபிகுலைப் பின்னால் ஏற்றி
சாரத்தால் இடுப்போடு கட்டிக் கொண்டுவந்தான்.
மணி ஏழு பத்து. ஊத்தான் மெலிந்தாங்கில் மழை.
எஸ்டேட் கிளினிக்கில் டிரெசர் நான் ஒருத்திதான்.

சட்டையில் பூண்டு வாடை.
வாயிலிருந்து நூல்நூலாய் எச்சில்.
டார்ச் அடித்தேன். கண்மணி இரண்டும்
ஊசி குத்திய அளவு.
காலையிலிருந்து செம்பனைத் தண்டில் துளை போட்டு
பைப்புழுவுக்கு மருந்து ஊற்றி
களிமண் உருட்டி அடைத்திருக்கிறான்.
கையுறை கிழிந்து மூன்று நாளாம்.

நரம்பு எதையும் தொட்டுப் பேசுவதில்லை.
நடுவே ஓர் இடைவெளி.
மயிரிழையை ஆயிரமாய் வகிர்ந்த கீற்றும் அதில் நுழையாது.
இக்கரையில் குமிழ்கள் உடைய
சரக்கு மிதந்துபோய் அக்கரைக் கதவைத் தட்டும்:
சுருங்கு. சுர. மெல்ல அடி.
தட்டிய மறுகணமே ஒரு நொதி வந்து
அதை இரண்டாய் அறுத்துப் போடும்.
அறுப்பதால்தான்
அடுத்த தட்டல் காதில் விழுகிறது.

இன்று அந்த நொதியின் வாயில்
மருந்து சிக்கியிருக்கிறது.
சொன்னது அழியவில்லை.
சுர சுர சுர என்கிறது நெஞ்சுக்குள்.
கூரைக்குக் கீழே, தன் நீரிலேயே
மூழ்கிக்கொண்டிருக்கிறான்.

அட்ரோபின். ஐந்து நிமிடம். இரட்டிப்பு.
ஐந்து நிமிடம். அதற்கும் இரட்டிப்பு.
அதையும் மருந்து என்கிறோம், இதையும்.
இது நொதியை விடுவிக்காது.
கதவில் போய் உட்கார்ந்துகொண்டு
தட்ட விடாது, அவ்வளவுதான்.
அதுவும் எல்லாக் கதவிலும் இல்லை:
கெண்டைக்கால் தோலுக்கடியில் இன்னும்
மீன்குஞ்சுகள் துள்ளுகின்றன.
விடுவிக்கிறது தெலுக் இந்தானிலிருந்து
ஆம்புலன்சோடு வரவேண்டும்.
வழியில் லாரி கவிழ்ந்திருக்கிறதாம்.

ஒன்பதே காலுக்கு மேனேஜர் போன்.
எத்தனாவது மரம்வரை முடித்தான் என்று வடமலையிடம் கேட்டார்.
நான் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவில்லை.
களகளத்த நெஞ்சு
அப்போதுதான் காயத் தொடங்கியிருந்தது.

பத்தரைக்கு மேல் ரஃபிகுலின் விரல்கள் அசைந்தன.
காற்றில் எதையோ கிள்ளி
உருட்டி, எட்டி, அழுத்தி,
மறுபடி கிள்ளி.
என் மருந்து கூடிப்போனாலும் இப்படித்தான் செய்வார்கள்.
"களிமண்ணுக்கா" என்றான் வடமலை.
"இருநூத்திப் பன்னெண்டு மரம்."

அடுத்த அளவை ஊசியில் ஏற்றியிருந்தேன்.
கையிலேயே வைத்துக்கொண்டு
அவன் அடுத்த மரத்துக்குப் போகிறானா என்று
பார்த்திருந்தேன்.